ராசியில்லாத கை

மனைவி இறந்ததிலிருந்து அந்த மெக்கானிக்குக்குக் கைராசி போய்விட்டது என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். இன்று ஒரு காரின் வாட்டர் பம்ப்பைக் கழற்றும்போது போல்ட் முறிந்து, அதில் பாதி எஞ்சினுக்குள் சிக்கிக்கொண்டது.

"உன் கை பட்டாலே விளங்காதுய்யா. நாளையிலேருந்து வராதே," என்றார் முதலாளி.

வெல்டர் அந்த முறிந்த துண்டின்மேல் ஒரு நட்டைப் பற்றவைத்து, திருகி வெளியே எடுத்தார். "பாருங்க முதலாளி, முழுக்கத் துரு. கூலண்ட் ஊத்தாம வெறும் தண்ணியையே ஊத்தியிருக்காங்க. எவன் தொட்டாலும் முறியும். அண்ணன் என்ன பண்ணுவாரு?"

"நீ தொட்டதும் வந்துடுச்சே. அதுதான்யா ராசி."

கண்ணெதிரே இருக்கும் துருவைவிட, கண்ணுக்குத் தெரியாத ராசிக்குத்தான் அங்கே மதிப்பு.

வெல்டர் மெக்கானிக்கின் தோளில் கை வைத்தார். "நீங்களாவது வாயைத் திறந்து சொல்லுங்கண்ணே."

மெக்கானிக் விலகிக்கொண்டார். "தொடாதப்பா. உனக்கும் ஒட்டிக்கும்."