ரப்பர் தேனும் நான் வெட்டிய படமும்

1. வேலைக்குச் சேர்ந்த நாள்

இயற்கை அங்காடியில் ஸ்டேட்டஸ் போடும் வேலைக்குப் போகிறேன் என்றதும், "அது ஒரு வேலையாக்கும்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். எனக்கும் அதே சந்தேகம்தான்.

இருபத்திரண்டு வருஷம் நாகர்கோவிலில் ஒரு அச்சகத்தில் டிடிபி ஆப்பரேட்டராக இருந்தவள் நான். கல்யாணக் கார்டு, சபை ஆண்டுவிழா நோட்டீஸ், கோயில் கொடைவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லதும் கெட்டதும் என் விரல் வழியாகத்தான் போயின. அச்சகத்தை மூடிய பிறகு வீட்டில் சும்மா இருந்தேன். அப்போதுதான் ஜஸ்டின் கூப்பிட்டான். எங்கள் சர்ச் சபைக்காரன், சின்ன வயதிலிருந்தே என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். துபாயில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து, செக்கெண்ணெய், கருப்பட்டி, மருந்தடிக்காத அரிசி என்று சின்னதாக ஒரு கடை போட்டிருந்தான். பில் போட ஆள் வைத்துவிட்டான். எழுத ஆள் இல்லை.

முதல் நாள் கையில் ஒரு போனைக் கொடுத்தான். "அக்கா, ரோட்டுல இருக்கது நம்ம கடை இல்ல. இதுக்குள்ளயாக்கும் கடை. காலையில ஷட்டரத் தூக்க முன்ன இதத் தொறக்கணும்" என்றான்.

அன்று நான் எடுத்த முதல் படம் ஒரு மட்டி வாழைக்குலை. பாதிப் படத்தில் என் பெருவிரல்தான் இருந்தது. அதைத்தான் போட்டேன். அரை மணி நேரத்தில் மஸ்கட்டிலிருந்து ஒருவர், மட்டிப்பழத்தைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று, விரலைக் கொஞ்சம் எடுங்கள் அம்மா என்று பதில் போட்டிருந்தார். வேலை எனக்குப் பிடித்துப் போனது அந்த நிமிஷத்தில்தான்.

2. பட்டியலின் அடியில் ஒரு பெயர்

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் ரீச், எங்கேஜ்மென்ட் என்று பேசுகிறார்கள். எங்களுக்கு அன்று இருந்தது ஒரே கணக்குதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று ஒரு பட்டியல் வருமே, அதுதான். புதிதாகப் பார்த்தவர் பெயர் மேலே ஏறும். முதலில் பார்த்தவர் அடியில் கிடப்பார். ஒவ்வொரு பையிலும் கடை நம்பரை ஒட்டி, போனில் சேமித்து வையுங்கள் என்று கெஞ்சிக் கெஞ்சித்தான் அந்தப் பட்டியலை வளர்த்தோம்.

காலை ஆறு மணிக்கு முதல் ஸ்டேட்டஸ். சன்னலோரம் ஒரு சாக்கை விரித்து, அன்று வந்த சாமானை அதன்மேல் வைத்து எடுப்பேன். நல்லமிளகு, புளி, சிறுகிழங்கு, எதுவானாலும் அந்த வெளிச்சத்தில் அழகாக இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப், சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஃபேஸ்புக், இளவட்டங்களுக்கு இன்ஸ்டாகிராம் என்று ஜஸ்டின் பிரித்து வைத்திருந்தான். மூன்றுக்கும் எழுதுகிறவள் நான் ஒருத்திதான்.

நோட்டீஸுக்கு அடைமொழி போட்டுப் போட்டு என் கை கெட்டுப்போயிருந்தது. அச்சகத்தில் ஒரு பேச்சாளர் பெயரை வெறுமனே அடித்தால் சண்டைக்கு வருவார்கள், சொல்லின் செல்வராவது போட வேண்டும். அதே பழக்கத்தில் புளிக்கும் கடுகுக்கும் பட்டம் கொடுத்தேன். சுசீந்திரத்திலிருந்து வரும் ஒரு ரிட்டயர்டு டீச்சர், "புளிக்கு என்னத்துக்குப் பிள்ளே இவ்வளவு பட்டம்? புளிச்சாப் போதாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் சிரித்தேனே தவிர திருந்தவில்லை.

சாமான் தருகிறவரின் பெயரும் ஊரும் லேபிளில் இருக்க வேண்டும், அவர் படம் பக்கத்தில் வர வேண்டும் என்பது ஜஸ்டின் வைத்த சட்டம். நல்ல சட்டம். அதை நம்பித்தான் ஜனங்கள் வாங்கினார்கள். எங்களுக்குத் தேன் தந்தவர் கீரிப்பாறை செல்லத்துரை அண்ணன். ரப்பர் எஸ்டேட்டில் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு வேலை, அதோடு தேனீப்பெட்டிகளும் வைத்திருந்தார். விடியும் முன்பே எழுந்திருக்கிற மனிதர். நான் ஸ்டேட்டஸ் போட்ட சில நிமிஷத்தில் பார்த்துவிடுவார். பட்டியலின் அடியில் எப்போதும் அவர் பெயர்தான் இருக்கும். பதில் எதுவும் அனுப்ப மாட்டார். அந்தப் பெயரைப் பார்த்தால்தான் எனக்கு அன்றைய கடை திறந்த மாதிரி இருக்கும். இன்று நினைத்தாலும் அந்தக் காலை நேரங்களுக்காக மனசு ஏங்குகிறது.

3. காடு

ரப்பர் மரம் இலையுதிர்த்து, பிறகு தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் இனிப்பு சுரக்கும். தேனீக்கள் பூவை விட்டுவிட்டு அதைத்தான் மொய்க்கும். நம் மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு அப்படி வருவதுதான். கலப்படம் ஏதும் இல்லாத நல்ல தேன். ஒரே ஒரு குணம் உண்டு. சீக்கிரம் உறைந்துவிடும். பாட்டிலின் அடியில் வெள்ளையாக, மணல் மணலாக இறங்கும். வெந்நீரில் வைத்தால் மறுபடி இளகிவிடும்.

இது எனக்கும் ஜஸ்டினுக்கும் தெரியும். செல்லத்துரை அண்ணன் முதல் டின்னைக் கொண்டுவந்த அன்றே சொல்லியிருந்தார்.

ஆனால் ஜஸ்டின், "ரப்பர்னு எழுதாண்டாம்க்கா. டயர் வாசம் அடிக்கும்னு நெனைப்பான்" என்றான். எனக்கும் சரி என்றுதான் பட்டது. 'மலைக்காட்டுப் பூந்தேன்' என்று நானே அடித்தேன். அவன் சொல்லித் தந்த வார்த்தை இல்லை அது.

படம் எடுக்க எஸ்டேட்டுக்கே போயிருந்தோம். தேனீப்பெட்டியில் கை வைத்தபடி அண்ணன் நிற்கிறார், பக்கத்தில் ரப்பர் மரம், மரத்தில் சாய்வாக வெட்டுத் தழும்பு, அதன் கீழே பால் வடிய ஒரு தேங்காய்ச் சிரட்டை. கடைக்கு வந்து அந்தப் படத்தைத் திறந்தேன். இடது பக்கம் மரத்தோடு சிரட்டையை வெட்டித் தள்ளினேன். மிச்சம் இருந்தது அண்ணன், பெட்டி, பின்னால் மங்கலாகப் பச்சை. காடென்றே யாரும் நம்புவார்கள். அந்தப் படத்துக்குக் கிடைத்த லைக் அதுவரை எதற்கும் கிடைத்ததில்லை. நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

4. வெள்ளை

அடுத்த மழைக்காலத்தில் தேன் உறைந்தது.

சென்னையில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் படமெடுத்து எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார். 'இது தேனா, சீனிப்பாகா? கீரிப்பாறை செல்லத்துரை பதில் சொல்வாரா?' என்று எழுதியிருந்தார். லேபிளில் இருந்தது அவர் பெயர்தானே. மத்தியானத்துக்குள் அது ஊர்க் குரூப்புகளுக்கெல்லாம் போய்விட்டது. தேனே தொட்டிராதவர்கள்கூட வந்து திட்டினார்கள்.

விவரம் தெரிந்த ஒருவர் மட்டும், இது ரப்பர் தேனாக இருக்கும், உறைவது இயல்புதானே என்று எழுதியிருந்தார். எங்களைக் காப்பாற்ற வந்த ஒரே ஆள். அவருக்கு ஆமாம் என்று சொன்னால் தேன் நல்லது என்றாகும், நாங்கள் எழுதிய காடு பொய் என்றும் ஆகும். ஜஸ்டின் அந்தக் கமெண்டை அழித்துவிட்டான். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. துபாயில் உழைத்ததையெல்லாம் போட்ட கடை.

மறுநாள் காலை அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'வாடிக்கையாளர் புகாரை அடுத்து, குறிப்பிட்ட தேன் வளர்ப்பாளரிடமிருந்து வாங்குவதை நிறுத்திவிட்டோம். தரமே எங்கள் உயிர்.' கடைசி வரி என்னுடையது. வழக்கம்போல ஆறு மணிக்கு ஸ்டேட்டஸில் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பழக்கதோஷத்தில் பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு பெயர் இருந்தது. செல்லத்துரை.

அழித்துவிடலாமா என்று நினைத்தேன். பார்த்தவர் பார்த்துவிட்டாரே.

5. கீரிப்பாறை பஸ்

அன்று பால்வெட்டு முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிட்டார். கடையில் ஆள் இருந்ததால் வெளியே நின்றார். எல்லோரும் போன பிறகு உள்ளே வந்து, துண்டில் சுற்றியிருந்த பாட்டிலை என் மேஜையில் வைத்தார். அவர் வீட்டில் சாப்பிட வைத்திருந்த தேன். கழுத்து வரை வெள்ளையாக உறைந்திருந்தது.

"தங்கச்சி, இது என்னத்துக்கு வெள்ளையாச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்ணே."

"பெறவு ஏன் சொல்லல்ல?"

ஜஸ்டின் அரிசி மூட்டைப் பக்கமாகத் திரும்பி நின்றான். எஸ்டேட்டில் பால் அளக்கிற இடத்தில் தன்னைச் சீனி செல்லத்துரை என்று கூப்பிடுகிறார்கள் என்றார் அண்ணன். வழக்கமாக வாங்கும் மற்ற இரண்டு கடைகளும் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டனவாம். இதையெல்லாம் குரல் உயர்த்தாமல்தான் சொன்னார். கடைசியாக என்னைப் பார்த்து, "காடுன்னு நான் சொன்னேனா? ரப்பர்னுதான் சொன்னேன். எனக்குச் சோறு போடது அந்த மரம். அதச் சொல்லதுக்கு எனக்கு வெக்கமில்ல. ஒங்களுக்கு என்னத்துக்கு வெக்கம்?" என்றார்.

பாட்டிலை எடுக்காமலே போய்விட்டார். அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கேவலமாக நான் என்னை எப்போதும் உணர்ந்ததில்லை.

ஜஸ்டினிடம் உள்ளதை உள்ளபடி போட்டுவிடுவோம் என்றேன். பொய்யன் என்பார்கள், ஒருத்தனும் வரமாட்டான் என்றான். பொய் சொன்னது நான், என் பெயரைப் போட்டு எழுதுகிறேன் என்றேன். அவன் கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்து மூடினான்.

"கட போயிருமேக்கா."

"போனா என் எழுத்தால போச்சுன்னு இருக்கட்டும். அந்த மனுசனால போச்சுன்னு இருக்கப்பிடாது."

"போடுங்க" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காத உளுந்தை எடை போடப் போனான்.

பழைய படத்தை வெட்டாமல் முழுசாகத் தேடி எடுத்தேன். மரம், தழும்பு, சிரட்டை எல்லாம் இருந்தது. அடைமொழி எதுவும் சேர்க்காமல் எழுதினேன். 'இவர் செல்லத்துரை. இது ரப்பர் தேன். ரப்பர் தேன் உறையும், வெந்நீரில் வைத்தால் இளகும். இவர் எங்களிடம் உண்மையைச் சொல்லித்தான் தந்தார். காடு என்று எழுதியதும், இந்தப் படத்தில் ரப்பர் மரத்தை வெட்டியதும், இவர்மேல் பழி போட்டதும் நாங்கள். எழுதியவள் பிரேமா. தேன் வேண்டாம் என்பவர்கள் பாட்டிலைத் திருப்பித் தரலாம்.' விடிந்ததும், ஆறு மணிக்கு, மூன்று இடத்திலும் போட்டேன்.

திட்டு வந்தது. சிலர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்கள், சிலர் கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். சென்னைக்காரர் தன் பதிவை எடுத்துவிட்டு, அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். எங்களிடம் கேட்கவில்லை, அது நியாயம்தான். புளிக்குப் பட்டம் எதற்கு என்று கேட்ட டீச்சர் வந்து உறைந்த பாட்டிலாகப் பார்த்து இரண்டு வாங்கிப் போனார்.

ஸ்டேட்டஸின் ஆயுள் இருபத்திநாலு மணி நேரம். பகல் முழுக்கப் பட்டியலைத் திறந்து திறந்து பார்த்தேன். எத்தனையோ பெயர்கள், அவர் பெயர் மட்டும் இல்லை. மறுநாள் காலை அது மறையும் நேரத்துக்குச் சற்று முன்னால் மேலே ஏறி வந்தது, செல்லத்துரை என்று. கூடவே, அவர் எனக்கு அனுப்பிய முதல் மெசேஜும் வந்தது. 'அந்த முழுப் போட்டோவ எனக்கு அனுப்புங்க.'

அனுப்பினேன்.

அடுத்த தேன் பருவத்தில் டின்னோடு வந்தார். லேபிளை அடித்து அவரிடம் காட்டிய பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தோம். கடை இன்றும் இருக்கிறது, நான்தான் கண் மங்கி வேலையை விட்டுவிட்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். ஒருவரின் படத்தை வெட்டுவதற்கு முன், வெட்டிய பிறகு அது எப்படி இருக்கும் என்று அவரிடம் காட்டுங்கள்.

நான் வேலை பார்த்த கடைசி நாள் காலையிலும் பட்டியலைத் திறந்து அடிவரை தள்ளிப் பார்த்தேன். அவர் பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் அந்தப் படம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தேன், சிரட்டை தெரிந்தது.