குடிக்காதவனுக்குக் கட்டிய கயிறு

ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. ஆனால் பேரையூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இன்றைக்கும் நான் குடியை விட்டவன்.

அப்போது மதுரையில் ஜவுளிக்கடை வேலை. மேல்தட்டுச் சேலைகளை எடுக்கக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஒருநாள் மாட்டுத்தாவணியில் பஸ் படிக்குக் கால் தூக்க முடியாமல் மல்லாந்து விழுந்தேன். “காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டான் பாரு” என்றார் கண்டக்டர். மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகவும் பயந்து அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா கூட்டிப்போன டாக்டர் ரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு, “ஈரல் கெட்டிருக்கு. எத்தனை வருசமா குடிக்கிற?” என்றார்.

“குடிக்கிறதே இல்ல சார்.”

“எல்லாரும் இதத்தான் சொல்றாங்க.”

அதோடு என் பேச்சு வீட்டில் எடுபடவில்லை. குடிகாரனைத் திருத்த எங்கள் பக்கம் கருப்பசாமி முன்னால் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டுவார்கள். வெள்ளிக்கிழமை அப்பா என்னை அங்கே இழுத்துப்போனார்.

“இனிமே தொடமாட்டேன்னு சொல்லுடா.”

“தொட்டதே இல்லப்பா.”

கன்னத்தில் ஓர் அறை. சொன்னேன். பூசாரி என் மணிக்கட்டில் கயிற்றைக் கட்டினார். மறுவாரமே வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்தேன். சாமி சத்தியத்தை மீறிவிட்டேன் என்று அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்தினார். பெற்ற தகப்பன், ஒரே ஒரு தடவை என் வாயை மோந்து பார்த்திருக்கக் கூடாதா?

அம்மா அழுது அழுது பெரியாஸ்பத்திரிக்குக் கிளப்பினாள். அங்கே ஒரு டாக்டரம்மா என்னைக் குத்தவைத்து எழச் சொன்னார். முடியவில்லை. ரத்தமும் மூத்திரமும் மறுபடி சோதித்தார்கள்.

“ஐயா, இவருக்குத் தசையில அழற்சி. தசை சிதைஞ்சு, அதுல உள்ள புரதம் ரத்தத்துல கலந்து மூத்திரத்துல இறங்குது. அதான் அந்த நிறம். ஈரல் கெட்டா ரத்தத்துல ஏறுறது தசை சிதைஞ்சாலும் ஏறும்; ஈரல் நல்லாத்தான் இருக்கு. இதுக்கும் குடிக்கும் சம்பந்தமே இல்ல” என்று அப்பாவைப் பார்த்தே சொன்னார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: “அம்புட்டுக் குடிச்சா சதை கெடாம என்ன செய்யும்?”

மாதக்கணக்கில் மாத்திரை தின்று கைகால் தேறியது. மாத்திரையால் முகம் உப்பியதைக்கூட, குடியை விட்ட செழிப்பு என்றார்கள். அடப்பாவிகளா!

அப்பா கருப்பசாமிக்குக் கிடா வெட்டினார். பந்தியில் சொந்தபந்தம் முன்னால் என் தோளில் கைபோட்டு, “கயிறு கட்டுனதுலருந்து எம்மகன் தொடலய்யா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

“கயித்தக் காட்டுடா.”

தூக்கினேன். கை தலைக்கு மேலே, சிரமமில்லாமல், நேராக எழும்பியது. எல்லோரும் கருப்பசாமியைக் கும்பிட்டார்கள்.