வாங்கக் கூடாத தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் குமாஸ்தாவாக இருந்தேன். சுற்று ஊர்களுக்குக் கம்பெனி செய்யும் தருமமெல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். அந்த வருஷம் மெட்ராஸ் ஆபீஸிலிருந்து ஒரு விதி வந்தது. உதவி கேட்கிறவர்களிடம் கம்பெனி ஆட்கள் எதையும் வாங்கக் கூடாது. வாங்கினால் அந்த உதவி ரத்து. நியாயமான விதிதான். அதுவரை யார் கோழியும் நெய்யும் கொண்டுவந்து கொடுத்தார்களோ அவர்கள் ஊருக்குத்தான் கொட்டகையும் ரோடும் போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவன் நான். விதி வந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டி ஒரு காலனி. கூலி வேலைக்குப் போகிற சனங்கள். கிணறு வற்றிப்போய், பெண்கள் வெகுதூரம் குடம் சுமந்தார்கள். அங்கிருந்து ஓர் அக்கா ஆபீஸுக்கு நடையாய் நடந்து அடிபம்பு கேட்டார்.

"சித்திரை வெயிலுக்குள்ள போட்டுக் குடுத்துடுங்க சார். என் மருமவ நெறமாசமா கொடம் தூக்குறா" என்பார்.

ஒருவழியாக இடம் பார்க்கப் புது அதிகாரி கிளம்பினார். வெளியூர்க்காரர், கை சுத்தமான மனுஷர். நானும் ஜீப்பில் போனேன். பம்புக்கு இடம் குறித்தாயிற்று. கிளம்பும்போது அந்த அக்கா பளபளவென்று தேய்த்த சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"குடிங்கய்யா, வெயில்ல வந்திருக்கீங்க."

அதிகாரி கும்பிட்டு, "வேண்டாம்மா" என்றார். சொம்பு என் பக்கம் திரும்பியது. அதிகாரி என்னைப் பார்த்தார். நானும் வேண்டாமென்று தலையாட்டினேன். அதோடு விட்டிருக்கக் கூடாதா அந்த மனுஷர்! ஜீப்பில் ஏறியதும் தாகம் தாங்காமல் தன் பிளாஸ்கைத் திறந்து மடமடவென்று குடித்தார். மொத்தக் காலனியும் பார்த்துக்கொண்டு நின்றது.

"தண்ணிகூடவா சார் லஞ்சம்?" என்று வழியில் கேட்டேன்.

"இன்னைக்குத் தண்ணி, நாளைக்கு மோர், அப்புறம் கோழி. எங்கே நிறுத்துவீங்க?" என்றார்.

மறுநாள் சேதி வந்துவிட்டது, காலனிக்குப் பம்பு வேண்டாமாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"சாதி பாத்து இல்லக்கா, சத்தியமா. எதுவும் வாங்கக் கூடாதுன்னு கம்பெனியில ரூலு."

"டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாஸு வெச்சிருக்கான். அவனும் ரூலுன்னுதான் சார் சொல்றான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "வாங்கிக் குடிச்சா பம்பு கெடைக்காதுக்கா! அதுக்குத்தான் குடிக்கல!" என்று கத்தினேன்.

அக்கா வீட்டுக்குள் போய்ச் சொம்போடு வந்தார். பின்னாலேயே மருமகளும் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"இந்தாங்க, இப்ப குடிங்க. பம்பு போனா போவட்டும்."

குடித்தேன். ஆபீஸில் இதை யாரிடமும் மூச்சு விடப் போவதில்லை, பம்பை எப்படியாவது கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். "இனிமேயாச்சும் போட்டுக்கலாம்லக்கா?"

"வேணாங்க சார். அவரு இதக் குடிச்சிட்டு, பம்பு இல்லன்னு சொல்லியிருந்தாக்கூட எங்களுக்கு இவ்வளவு வலிச்சிருக்காது."

எவ்வளவோ கெஞ்சினேன். அசையவில்லை. துளை போடும் லாரி அந்த வாரமே பக்கத்து ஊருக்குத் திரும்பியது.

சில நாள் கழித்து அதே ஜீப்பில் அந்தப் பக்கத்து ஊர் வழியாகப் போனோம். புதுப் பம்படியில் ஊர்ப் பெண்கள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மருமகள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, யாராவது ஊற்றுவார்களா என்று பத்தடி தள்ளி வெயிலில் நின்றாள்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "பாவம், பிள்ளைத்தாச்சி. ஏன் தள்ளி நிக்குது? நேரா போய்ப் பிடிச்சுக்கலாமே?" என்று என்னைக் கேட்டார்.