வெளிவீதி இல்லாத பிள்ளையார்

அடியார்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நாலு வருடமாக நினைக்கிறேன். வெட்கம் விடவில்லை. இனியும் பொத்தி வைத்தால் பிள்ளையாருக்கு நன்றி கெட்டவளாகிவிடுவேன்.

தொண்ணூற்று ஐந்தாம் ஆண்டு தை மாதம். ஸ்காபரோவில் மல்வேர்ன் பக்கம் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருந்தோம். எனக்குக் காய்ச்சலும் இல்லை, நோவும் இல்லை. ஆனால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. யன்னல் சீலையைத் திறக்கவே மனம் வராது. சும்மா சும்மா அழுவேன். மூன்று வயது மகள் சங்கவி பசிக்கிறது என்று வந்து நின்றால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன். இதை எழுதும்போதும் நெஞ்சு வலிக்கிறது.

டொக்டர் குளிசை தந்தார். தினமும் வெளியே வெளிச்சத்தில் நடக்கவும் சொன்னார். குளிசையை விழுங்கினேன். இந்தக் குளிருக்குள் நடக்கச் சொல்கிறாரே, இவருக்கு என்ன விசரா என்று நடையை விட்டுவிட்டேன்.

கடைசியில் என் கணவரின் அக்கா, விட்பி நகரில் இருக்கும் மச்சாள், பிள்ளையைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். இரண்டு கிழமை என்றுதான் பேச்சு. அது இரண்டு மாதமாயிற்று. ஒருநாள் மச்சாளோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது, சங்கவி அவரிடம் "அம்மா, பால்" என்று கேட்பது என் காதில் விழுந்தது. மச்சாளில் ஒரு பிழையும் இல்லை. பிள்ளை யாரைக் கண்டதோ அவரைத்தானே கூப்பிடும்.

அன்று சமையலறையில் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதேன்.

"என்ரை பிள்ளையை நான் வளர்க்கிற அளவுக்கு என்னை எழுப்பிவிடும் அப்பனே. நாப்பத்தொரு நாள் உம்மடை வெளிவீதியைச் சுத்துவன்."

வேலையால் வந்த கணவரிடம் சொன்னேன். பல நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். "எங்கடை பிள்ளையாருக்கு வெளிவீதி எங்கையப்பா இருக்கு?"

உண்மைதான். ஸ்காபரோவில் எங்கள் கோயில் ஒரு நீண்ட பண்டகசாலைக் கட்டடத்தின் நடுவில் ஒரு பகுதி. ஒரு பக்கம் கார் திருத்துமிடம், மறுபக்கம் கம்பளக் கடை. ஊரில் கோயில் மதிலுக்கு வெளியே சுற்றிவர வீதி இருக்கும்; அந்தப் பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. ஐயரிடம் போய், நேர்த்தியை மாற்றலாமா என்று கேட்டேன்.

"நேர்ந்தது நேர்ந்ததுதான் பிள்ளை. கட்டடம் முழுக்க மூண்டு தரம் சுத்துங்கோ."

சப்பாத்தோடு சுற்றலாமா என்றும் கேட்டேன்.

"கால் விறைச்சு விழுந்தா ஆர் தூக்கிறது? போட்டுக்கொண்டு சுத்துங்கோ."

மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனேன். ஒரு சுற்றுக்கே மூச்சு வாங்கியது. பின்பக்கம் குப்பைத் தொட்டிகளும் பனிக்குவியலும்தான். மூக்கு வடிய வடிய, பிள்ளையாரோடு சண்டை பிடித்துக்கொண்டு சுற்றினேன். பத்தாம் நாளோ என்னவோ, பின்சுவரில் வெயில் விழும் இடத்தில் என்னை அறியாமல் நின்றேன். முகத்தில் இளஞ்சூடு பட்டது. அன்று வீட்டுக்கு வந்து பாண் இரண்டு துண்டு ஆசையாகச் சாப்பிட்டேன். இரவு நித்திரையும் வந்தது.

கார் திருத்துமிடத்தில் வேலை செய்த ஒருவர், பெயர் இன்றுவரை தெரியாது, நான் வழுக்கியதைக் கண்டுவிட்டுப் உறைபனி உருகப் பின்பக்கம் முழுவதும் உப்புத் தூவினார். அதன் பிறகு நான் வர முன்னமே தூவி வைத்திருப்பார்.

மனம் இருண்டு கிடந்த நாட்களும் இருந்தன. அன்றும் போனேன். டொக்டர் சொல்லைத் தட்டலாம், பிள்ளையாருக்குச் சொன்னதைத் தட்ட முடியுமா? வெளிவீதியே இல்லாத இடத்தில் அந்தச் சொல்லை என் வாயில் வர வைத்தவர் அவர்தான் என்று மெல்ல விளங்கியது.

நாற்பத்தோராம் நாள் மச்சாள் சங்கவியைக் கோயிலுக்குக் கூட்டி வந்தார். பனி கரைந்து, பின்பக்கத்தில் புல் தலைகாட்டியிருந்தது. நான் கை நீட்டினேன். பிள்ளை மச்சாளின் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். உயிர் போய் வந்தது. ஆனாலும் நான் இழுக்கவில்லை. தனியே சுற்றத் தொடங்கினேன்.

மூன்றாம் சுற்றில் பின்னால் சின்னச் சப்பாத்துச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு சின்னக் கை என் கைக்குள் வந்தது.

"அம்மா, ஏன் சுத்துறீங்கள்?"

"உன்னைக் கேட்டுத்தான் குஞ்சு."

அன்றே வீட்டுக்கு வந்துவிட்டாள். குளிசையை டொக்டர் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். நடையை நிறுத்தவில்லை. இப்போது அவளுக்கு ஏழு வயது, என்னை முந்திக்கொண்டு ஓடுகிறாள்.

யன்னல் சீலையை மூடிக்கொண்டு யாராவது இதை வாசித்தால், உங்கள் நிலை எனக்குத் தெரியும். கும்பிடுங்கள். கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள். சனிக்கிழமை காலையில் நாங்கள் அங்கேதான் சுற்றிக்கொண்டிருப்போம். கதைக்க வேண்டியதில்லை, கூட நடந்தால் போதும். சப்பாத்தோடு வாருங்கள், பிள்ளையார் கோபிக்க மாட்டார்.