புத்தம் புதிய பழைய கிட்டார்

என் ஸ்கூட்டரில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்துவிட்டது. கடலூர் மார்க்கெட்டில் யாரோ ஒருவரின் மீன்கூடையின் உபயம். வேதனை தாங்காமல், சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் போகும் சாலையில் இருக்கிற சிற்றம்பலத்தின் பெயிண்ட் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அதே மாதம்தான், உடம்பெல்லாம் கீறல் விழுந்த ஒரு கிட்டாரை, கீறல் இல்லாத கிட்டாரைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருந்தேன் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். எப்படியும் வேறு யாராவது சொல்லத்தான் போகிறார்கள்.

சிற்றம்பலத்துக்கு ஐம்பத்து நாலு வயது. குமராட்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வாரநாட்களில் கார், வேன்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட். கல்யாணம், திருவிழா என்றால் பவானியின் இன்னிசைக் குழுவில் கிட்டார். முப்பது வருடமாக ஒரே கிட்டார். வலது முன்கை உட்காரும் இடத்தில் வார்னிஷ் போய் வெறும் மரம் தெரிந்தது. கடலோரத் திருவிழா மேடைகளின் உப்புக்காற்று, கம்பி முறுக்கும் திருகுகளைப் பச்சை பிடிக்க வைத்திருந்தது. ஓரத்தில் முப்பது ஆயுத பூஜைகளின் சந்தனக் கறை.

நான் போனபோது அந்தக் கிட்டார் கம்பிகள் கழற்றப்பட்டு மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் பழைய பூச்சைச் சுரண்டும் எமரி ஷீட்.

"என்ன சிற்றம்பலம், ஆபரேஷனா?"

"அப்படித்தான் வச்சிக்கிங்க சார். ஞாயித்துக்கெழம கடலூர்ல பெரிய ரிசப்ஷன். ட்ரோன்லாம் வுட்டு வீடியோ எடுக்கறாங்களாம். 'இந்தப் பிச்சக்காரக் கிட்டாரோட மேடை ஏறாதீங்க மாமா. பெயிண்ட் அடிச்சி எடுத்தாந்தா வாசிங்க, இல்லன்னா கீபோர்டுலயே சமாளிச்சிக்கறோம்'னு பவானி சொல்லிட்டா."

"நீங்கதான் பெயிண்டராச்சே!"

"அதான் சார் அசிங்கம். ஊரான் காருக்கெல்லாம் பளபளன்னு அடிக்கிறவன் கிட்டாரு சொறிநாய் மாதிரி கெடக்கு. ஆனா மேல நாலு கோட்டு ஏறிச்சின்னா சத்தம் அமுங்கிடும். மூணு நாளா எமரிய எடுக்கறேன், வைக்கறேன்."

ஒரு மனிதர் தன் மேடை, தன் சத்தம் இரண்டில் ஒன்றை இழக்கப்போகிறார். அந்த நேரத்தில் என் மனதில் எழுந்தது ஒரே எண்ணம்: என் கிட்டாரைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

மறுநாள் காலையிலேயே பெட்டியோடு போய் நின்றேன். சிற்றம்பலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விபத்தில் அடிபட்ட காரைப் பார்ப்பதுபோல வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செகண்ட் ஹேண்டா சார்?"

"புதுசு."

"அப்ப திருப்பி அனுப்பிடுங்க. வர்ற வழியில லாரில உருண்டிருக்கு."

நான் விளக்கினேன். முதலில் புதிதாகச் செய்வார்கள், பிறகு அறுபது வருடம் யாரோ வாசித்ததுபோலத் தொழிற்சாலையிலேயே பழசாக்கிவிடுவார்கள், அதற்குத்தான் விலை என்றேன். காய்ச்சலில் பிதற்றுகிறவனுக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டினார். பிறகு கிட்டாரைத் தடவிப் பார்த்தார். தொழிலாளி முகம் வந்துவிட்டது.

"சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேல. மொதல்ல எம்பது நம்பர் எமரி, அப்பறம் நானூறு. இங்க இரும்பச் சூடு பண்ணி வச்சிருக்கான். முதுகுல பெல்ட்டு பக்கிள் ஒரசின கீறல்கூட போட்டிருக்கானே! நீங்க பெல்ட்டு போடுவீங்களா சார்?"

என் வயிறு பெல்ட்டை ஏற்றுக்கொள்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. அவர் விரல் கழுத்துப் பக்கம் போய் நின்றது.

"ஒடம்பு அறுவது வருஷம் வாசிச்சிருக்கு. வெரல் வைக்கற எடத்துல ஒரு நாள்கூட வாசிக்கலியே?"

அது தொழிற்சாலையின் குற்றமில்லை. என்னுடையது.

அந்த நேரம் பார்த்து, பெயிண்ட் அடித்தாயிற்றா என்று கேட்க பவானி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். நான் விடவில்லை. உலகமெங்கும் இப்போது பழசுக்குத்தான் மவுசு என்று கிட்டாரை நீட்டினேன். அவர் முதலில் அதன் தலையில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரைப் படித்தார்.

"ஐயோ, இதுவா! செம ஸ்டைலு சார்."

"அப்போ அவருடையதும் ஸ்டைல்தானே? அதே கீறல், அதே இடம்."

"அதுல பேரு இல்லியே சார்."

இதற்குமேல் வாதாட எனக்கு வக்கில்லை. நானும் அந்தப் பெயரைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

"மாமா, பேசாம சார் கிட்டாரையே வாசிச்சிடுங்களேன்," என்றார் பவானி.

சிற்றம்பலம் மறுக்காமல் வாங்கி வாசித்தார். இரண்டு வரி போனது. கையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"கை வந்து உக்காரல பவானி. எவனோ ஒருத்தன் கைக்குப் பள்ளம் பறிச்சி வச்சிருக்கான். அது எனக்கும் ஆவல, சாருக்கும் ஆவாது."

தன் கிட்டாரை எடுத்துக் கம்பிகளை மாட்டி, சுருதி சேர்த்து, அதே இரண்டு வரியை வாசித்தார். எனக்கு இசை ஞானம் குறைவு. எனக்கே தெரிந்தது. பவானி எமரி ஷீட்டை எடுத்து மேசை டிராயரில் போட்டு மூடினார்.

"சரி மாமா, ஒங்களுதயே வாசிங்க. ஆனா கீபோர்டுக்குப் பின்னால ஒக்காந்து. ட்ரோனுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

"பின்னாலயோ முன்னாலயோ, சத்தம் வந்தா போதும்," என்றார் சிற்றம்பலம்.

பவானி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "சார், ஞாயித்துக்கெழம ஃப்ரீயா?"

ஞாயிறு மாலை கடலூர் கல்யாண மண்டபத்தில், மேடையின் முன்வரிசையில் என் கிட்டாரோடு நின்றேன். அதிலிருந்து புறப்பட்ட ஒயர் கம்பளத்துக்கு அடியில் போய், எதிலும் சேராமல் முடிந்தது. டிரம்ஸ் வாசிக்கும் வைத்திலிங்கம், "சார், ஒயரப் பாக்காதீங்க. கேமராவப் பாருங்க" என்றார். பார்த்தேன். பின்னாலிருந்து சிற்றம்பலம் வாசிக்க, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பாட்டை முழுசாக, பிசகில்லாமல் வாசித்தேன். ஒன்றல்ல, பதினான்கு பாட்டு.

மாப்பிள்ளையின் அப்பா மணிவண்ணன், விசைப்படகு வைத்திருப்பவர், மேடையேறி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"கிட்டாரப் பாத்தாலே தெரியுது சார், எத்தினி வருஷத்து ஒழைப்புன்னு!"

கை கூப்பினேன். வாசித்தது பின்னால் இருப்பவர் என்று சொல்லவும் செய்தேன். அவர் மேடையிலிருந்து இறங்கிப் பந்திக்குப் போன பிறகு.

வேனில் சாமான் ஏற்றும்போது பொன்னாடையைச் சிற்றம்பலத்திடம் நீட்டினேன். கிட்டாரைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"நீங்களே வச்சிக்கிங்க சார். மூணு மணி நேரம் நின்னது நீங்கதான? நான் ஒக்காந்துதான இருந்தேன்."

பவானி வேன் கதவிலிருந்து தலையை நீட்டினார். "சார், அடுத்த மாசம் குறிஞ்சிப்பாடில ஒரு காதுகுத்து இருக்கு. வந்து நிக்கிறீங்களா? ஒண்ணே ஒண்ணு சார், கையக் கொஞ்சம் அடக்கி ஆட்டுங்க. கடைசிப் பாட்டு முடிஞ்சி எல்லாரும் எழுந்த பிற்பாடும் நீங்க வாசிச்சிக்கிட்டே இருந்தீங்க."

தேதி என்ன என்று கேட்டேன்.