ஆடியில் வந்த விருந்தாளிகள்

இண்டூரைத் தாண்டிப் பென்னாகரம் சாலையில் இருக்கிறது அந்த முதுநிலைக் கல்லூரி. ஒவ்வொரு ஆண்டும் வகுப்பு தொடங்கும் முன் அங்கே ஒரு மடல் வெளிவரும். முன்பு அச்சில் வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. யார் ஓய்வு பெற்றார்கள், யார் புதிதாகச் சேர்ந்தார்கள், எந்தத் துறைக்கு யார் தலைவர், கேன்டீனை இந்த வருஷம் யார் எடுத்திருக்கிறார்கள், காலேஜ் பஸ் பாப்பாரப்பட்டிக்குள் நுழையுமா வெளியிலேயே திரும்பிவிடுமா, எல்லாம் அதில் இருக்கும். பேராசிரியர்கள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் படிப்பார்கள். தன் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவாவது படிப்பார்கள்.

அதைத் திரட்டித் தட்டச்சு செய்வது அலுவலக உதவியாளர் குல்ஷனின் வேலை. அந்த ஆண்டு மடலில் முதன்முறையாக அவள் பெயரும் வர இருந்தது. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்குத் தருமபுரி டவுனிலும் ஒரு கல்லூரி உண்டு. அங்கே அலுவலகக் கண்காணிப்பாளராக அவளுக்குப் பதவி உயர்வு. அவள் வீட்டிலிருந்து அந்தக் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். கல்யாணமாகி, அஞ்சல் வழியில் படித்து முடித்து, டைப்பிஸ்ட்டாக இண்டூருக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து ஒகேனக்கல் பஸ்ஸில் நின்றபடியே அவள் வாழ்க்கையில் பாதி கழிந்திருந்தது. ஆடி மாதம் வந்தால் அருவிக்குப் போகிற கூட்டத்தில் நிற்கவும் இடம் கிடைக்காது. இனி அது இல்லை. அவள் கணவர் நிசார் அகமது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பை, சூட்கேஸ் கடை வைத்திருப்பவர், ஜிப் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாதவர். அவரே சேதி கேட்ட அன்று பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் பாதுஷா வாங்கிக் கொடுத்தார்.

புதிய முதல்வர் சென்றாயன் அந்தக் கோடையில்தான் பொறுப்பேற்றிருந்தார். வேதியியல்காரர், நிதானமான மனிதர், எதையும் எழுத்தில் கேட்பவர். மடலுக்கான செய்திகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல குல்ஷன் குறித்துக்கொண்டு வந்தாள். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். மாணவியர் விடுதி இந்தக் கல்வியாண்டு இயங்காது, தங்குவதற்கான ஏற்பாட்டை மாணவியரே செய்துகொள்ள வேண்டும்.

காரணம் அவளுக்குத் தெரியும். விடுமுறையில் விடுதியின் கூரைப் பூச்சு பெயர்ந்து ஒரு கட்டில் மேல் விழுந்திருந்தது. ஆள் இல்லாத நேரம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வந்து பார்த்த என்ஜினியர் கட்டடத்தில் யாரும் தங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். முதல்வர் செய்தது தப்பென்று சொல்ல முடியாது.

அன்று மத்தியானம் செல்லி வந்தாள். தாவரவியல் இரண்டாம் ஆண்டு போகிற பெண். சித்தேரி மலையிலிருந்து இறங்கி அரூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து தருமபுரிக்கு ஒன்று, பிறகு இண்டூருக்கு ஒன்று. உதவித்தொகை விஷயமாக வந்தவள், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பும்போது வாசற்படியில் நின்று கேட்டாள்.

"ஹாஸ்டல் எப்ப தொறப்பாங்க மேடம்?"

குல்ஷன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை. இந்த வருஷம் சந்தேகம்தான் என்று மட்டும் சொன்னாள்.

செல்லி அழவில்லை. கையெழுத்தான தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "அப்ப நான் வர முடியாதுங்க மேடம்," என்றாள். "அண்ணன் மொதல்லயே சொல்லிட்டாரு. தங்க எடம் இல்லைன்னா படிப்பு போதும்னு. மாமா வூட்டுல வேற கேட்டுக்கிட்டு இருக்காங்க."

அவள் போன பிறகும் குல்ஷனுக்கு வேலை ஓடவில்லை. அவள் அப்பா அப்துல் ஷுக்கூர் பாப்பாரப்பட்டி சந்தையில் பழம் விற்றவர். மகளைப் படிக்க வேண்டாம் என்று ஒரு நாளும் தடுத்தவரில்லை. சேலத்தில் எம்.காம். இடம் கிடைத்தபோதுகூட மறுக்கவில்லை. தங்குவதற்கு நல்ல இடமாக ஒன்று காட்டு, அனுப்புகிறேன் என்றார். பத்தொன்பது இருபது வயதுப் பெண்ணுக்குச் சேலத்தில் யாரைத் தெரியும்? அவளால் காட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டு கல்யாணமாயிற்று. நல்ல கல்யாணம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் செல்லி நின்ற இடத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் முதல்வரிடம் போய், விடுதிச் செய்தியை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா, ஊருக்குள் வாடகைக்கு வீடு கிடைத்தால் அறக்கட்டளை எடுத்துக் கொடுக்குமா என்று கேட்டாள். அவர் போனில் இரண்டு பேரிடம் பேசினார். பெண்கள் வராவிட்டால் முதுநிலையில் பாதி வகுப்பு காலி என்பது அறக்கட்டளைக்காரர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. வீடு பாருங்கள், ஆனால் தனியாக வார்டன் போட முடியாது என்றார்கள்.

வீடு தேடுவது அவள் நினைத்த மாதிரி இல்லை. முதல் வீட்டுக்காரர், வயசுப் பெண்களை வைத்துக்கொண்டு யார் பதில் சொல்வது என்றார். இன்னொருவர் என்ன ஆளுங்க என்று கேட்டார். மலையிலிருந்து வருகிற பிள்ளைகள் என்றதும் தண்ணீர் பற்றாது என்றார். அக்கறையாகப் பேசிய ஒரு அம்மாள்கூட, "ஆடியில யாராவது குடி வெப்பாங்களா? ஆவணி பொறக்கட்டும், பாக்கலாம்," என்று அனுப்பிவிட்டாள். கல்லூரி திறப்பதோ ஆடிப் பாதியில். ஒருவர் சிரித்துக்கொண்டே, உனக்கு இவ்வளவு அக்கறை இருந்தால் உன் வீட்டில் வைத்துக்கொள்வதுதானே என்றார். தருமபுரியில் குல்ஷனின் வீடு, முன்னறையில் நாலு பேர் உட்கார்ந்தால் கதவைச் சாத்த முடியாத வீடு.

கடைசியாகத்தான் மாதம்மாளிடம் போனாள். இண்டூரின் பழைய விவசாயக் குடும்பம். கணவர் இறந்து சில வருஷமாகிறது. பெங்களூரில் வேலை செய்யும் மகன் ரஞ்சித்குமார் அம்மாவுக்காக மாடி வீடு கட்டிக் கொடுத்திருந்தான். பொங்கலுக்கு ஒருமுறை வருவான். மாடி முழுக்கக் காலி. மாதம்மாள் களத்தில் நிலக்கடலையைக் காய வைத்து அதன் நடுவே உட்கார்ந்திருந்தாள். குல்ஷன் சொன்னதை எல்லாம் கேட்டாள். காபி கொடுத்தாள். முடியாது என்றாள்.

"ஏம்மா, நாளைக்கு ஒன்னு ஆயிடுச்சுன்னா ஊரு உன்னையா கேக்கும்? என்னைத்தான் கேக்கும். நான் ஒண்டிக்கட்டை. பொழுது போனா கதவச் சாத்திக்கிட்டு டிவி பாக்கறவ. எனக்கு எதுக்கு அந்த வம்பு?"

குல்ஷன் எழுந்துகொண்டாள். நியாயமான பயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. செருப்பை மாட்டும்போது மாதம்மாள் பின்னாலிருந்து கேட்டாள்.

"நீ வந்து இருக்கறியா?"

"என்னங்கக்கா?"

"பொண்ணுங்களோட நீ வந்து இருக்கறியான்னு கேக்கறேன். ராத்திரி நீ மாடியில இருந்தா நான் தர்றேன். பொறுப்புக்கு ஒரு பொம்பள வேணும்ல."

"இருக்கறேங்க," என்றாள் குல்ஷன்.

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்றே அவளுக்கு உறைத்தது. ஆடி வேறு இருக்கிறதே என்று தயங்கினாள். மாதம்மாள் கடலையைக் கிளறிக்கொண்டே யோசித்தாள். "வாடகைக்குக் குடி வெச்சாத்தான ஆடி பாக்கணும்? விருந்தாளியா வரட்டும். என் வூட்டுக்கு விருந்தாளி வர்றதுக்கு எவன் நாள் பாக்கறது? ஆவணி பொறந்ததும் பாலக் காச்சிட்டு வாடகை பேசிக்கலாம்."

தருமபுரி பஸ்ஸில் அன்று உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து குல்ஷன் கணக்கு போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் ஒன்றுதான் வந்தது. ராத்திரி இண்டூரில், பகலில் தருமபுரிக் கல்லூரியில் என்பதெல்லாம் நடக்காது. பெண்களுக்குக் காய்ச்சல் வரும், ஊரிலிருந்து அப்பாக்கள் வருவார்கள், சமையல் பார்க்க வேண்டும். விடுதியை ஏற்றுக்கொண்டால் கண்காணிப்பாளர் பதவி இல்லை.

வீட்டில் அவர்கள் பேசுவது உருது. நிசார் அகமது ஒரு பள்ளிக்கூடப் பையின் ஜிப்பை மடியில் வைத்துக் கோத்துக்கொண்டிருந்தார். அவள் முழுவதும் சொல்லி முடிக்கும் வரை நிமிரவில்லை. பிறகு, "வேலையை வேண்டாங்கறியா, வீட்டை வேண்டாங்கறியா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டும் இல்லை என்றாள். அவர் பையை எடுத்து வைத்துவிட்டுத் தூங்கப் போனார். அவருக்குச் சர்க்கரை உண்டு. சாப்பாட்டை நேரத்துக்கு எடுத்து வைக்க ஆள் வேண்டும். மகன் நதீம் ஓசூரில் வேலை. இதையெல்லாம் அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

முதல்வர் அறையில் அவள் பதவி உயர்வு வேண்டாம் என்று சொன்னபோது சென்றாயன் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா யோசிச்சுக்குங்கம்மா. இந்த எடம் மறுபடி எப்ப காலியாகும்னு என்னால சொல்ல முடியாது. உங்களுக்கும் வயசு போகுது. பின்னால யாரு மேலயும் வருத்தப்படக் கூடாது."

"வருத்தம் வருங்க சார்," என்றாள் குல்ஷன். "ஆனா யாரு மேலயும் இருக்காது."

அந்த இடம் அவளுக்கு அடுத்த நிலையில் இருந்த சவுரியப்பனுக்குப் போயிற்று. அவர் அவள் மேஜைக்கு வந்து கொஞ்ச நேரம் பஞ்ச் மெஷினைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அக்கா, நான் கேட்டு வாங்கலைங்க என்றார். தெரியும், போய் நல்லா செய்யுங்க என்றாள். மடலில் அவர் பெயரை அவளே அடித்தாள். இத்தனை ஆண்டு தேர்வுப் பிரிவை ஒரு புகாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டவர் என்று, யாரும் சொல்லாமலே ஒரு வாக்கியமும் சேர்த்தாள். அடித்து முடித்ததும் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு கீழே, மாணவியர் விடுதி தற்காலிகமாக இண்டூரில் இயங்கும், பொறுப்பாளர் நி. குல்ஷன் என்று அடித்து, மடலை அனுப்பினாள்.

எல்லோரும் வந்துவிடவில்லை. புதிதாகச் சேர இருந்த ஒரு பெண்ணின் அப்பா, பாப்பாரப்பட்டிப் பக்கத்துக்காரர், மாடியைச் சுற்றிப் பார்த்தார். குல்ஷனிடம் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் காம்பவுண்ட் சுவரும் வாட்ச்மேனும் இருக்கிற ஹாஸ்டல் என்று நினைத்து வந்தேன், இது ஒரு வீடுதானே என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் பஸ் ஏறும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவளுக்கு மறு தையில் கல்யாணம் என்று பின்னால் கேள்விப்பட்டார்கள்.

மற்றவர்கள் வந்தார்கள். செல்லியை அவள் அண்ணனே கூட்டி வந்து விட்டான். ஒரு மூட்டை சாமை அரிசியும் சித்தேரிப் பலாப்பழம் ஒன்றும் இறக்கி வைத்தான். விருந்தாளிகள் வரும் செய்தி கேட்டு மாதம்மாள் காலையிலேயே வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். குல்ஷனைத் தனியே கூப்பிட்டு, சனிக்கிழமை மட்டும் பெருமாளுக்கு, அன்னிக்கு மாடியில கவுச்சி வேணாம், மத்த நாளு என்ன வேணா ஆக்கிக்குங்க, எனக்கும் ஒரு கிண்ணம் குடுங்க என்றாள். மேற்கு எந்தப் பக்கம் என்று அவளாகவே காட்டி, மாடி அறையில் ஒரு மூலையைத் தொழுகைக்காகக் கூட்டி வைத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நிசார் அகமது கடையைத் திறக்காமல் பஸ் ஏறி இண்டூருக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையத் தாழ்ப்பாள்களும் திருப்புளியும். மாடிக் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். குளியலறைத் தாழ்ப்பாள் ஆடியது, அதைக் கழற்றிப் புதிதாக மாட்டினார். பெண்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி ஜிப் போன பை ஒன்றைக் கொண்டுவந்தாள். பிறகு இன்னொருத்தி. இருட்டுகிற நேரத்தில் குல்ஷன் சாப்பாடு போட்டாள். சர்க்கரை மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள். போட்டுவிட்டேன், எனக்கென்ன சின்னப் பிள்ளையா என்றார். கோபம் இன்னும் கொஞ்சம் இருந்தது, குரலில் தெரிந்தது. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பினார். அடுத்த வெள்ளியும் வந்தார். அதன் பிறகு வெள்ளிதோறும் அந்த வீட்டில் அவருக்கும் சேர்த்தே அரிசி போடுவது வழக்கமாயிற்று.

குல்ஷனுக்கு வருத்தம் வராமல் இல்லை. பரீட்சை வேலையாகச் சவுரியப்பன் ஒரு நாள் இண்டூர்க் கல்லூரிக்கு வந்தார். கண்காணிப்பாளர் என்று எல்லோரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவளும் எழுந்தாள். அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ராத்திரி பெண்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும். அவள் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தார்கள்.

செல்லி எம்.எஸ்சி. முடித்தாள். அரூரில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள், சனி ஞாயிறில் போன் செய்கிறாள். மாமா வீட்டுக் கல்யாணப் பேச்சு இன்னும் முடியவில்லை, ஆனால் இப்போது அதில் அவளும் ஒரு வார்த்தை சொல்கிறாளாம். கல்லூரி விடுதிக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். வேலை எப்போது முடியும் என்று முதல்வருக்கே தெரியாது.

இந்த ஆண்டு ஆனி பிறந்த சில நாளில், அலுவலகத்தில் யாரும் மடலைப் பற்றி நினைக்காத நேரத்தில், குல்ஷனுக்குப் போன் வந்தது. மாதம்மாள்தான். தண்ணித் தொட்டியைக் கழுவ ஆள் வந்திருக்கிறான், இன்னொரு தொட்டி வைக்கலாமா என்று கேட்கிறான் என்றாள்.

"இந்த வருசம் எத்தினி பொண்ணுங்கன்னு இப்பவே சொல்லிடும்மா," என்றாள். "ஆடிக்கு முன்னாலயே வரச் சொல்லு."