வராதவர்களைத் தேடுபவர்

"வர்றவங்கள அப்புறம் பாக்கலாம் சார். வராதவங்க எங்க இருக்காங்க, சொல்லுங்க."

வைத்த தேநீரைத் தொடாமலே எழுந்துவிட்டார் அக்கா. எந்தத் திட்டத்தை மதிப்பிடப் போனாலும் இதுதான் அவர் வழக்கம். காப்பக மேலாளருக்கு முகம் சுண்டிப்போனது.

மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களின் பிள்ளைகளுக்காக நன்கொடையில் நடக்கும் பகல்நேரக் காப்பகம் அது. சுவரெல்லாம் யானை, முயல். காலித் தொட்டில் ஒன்றுகூட இல்லை.

"ஹவுஸ்ஃபுல் மேடம்!"

"யாரு வீட்டுப் புள்ளைங்க?"

விசாரித்தால், முக்கால்வாசி மருத்துவமனை அலுவலக ஊழியர்களின் பிள்ளைகள்.

அக்கா ஆண்கள் போடும் செருப்புதான் போடுவார். "நான் நடக்கற நடைக்கு இதுதான் தாங்கும்." கைப்பையில் எப்போதும் வறுத்த கடலை. ஆளுக்கொரு பிடி கொடுத்துவிட்டுத்தான் கேள்வி. உடன் வேலை பார்க்கும் என்னைப் 'பட்டதாரி' என்பார். கிண்டல்தான், ஆனால் எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது, எனக்கு இனிக்கும்.

மருத்துவமனையின் பின்கட்டில், தரை துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டிருந்த பெண்ணின் அருகே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன் புள்ளைய ஏம்மா அங்க விடல?"

"விடியறதுக்குள்ள நாங்க வேலைக்கு வந்துடணும்க்கா. அவங்க ஒம்பது மணிக்குத்தான் தொறக்கறாங்க. வீட்டப் பூட்டிட்டு வந்துடறேன்."

"புள்ள?"

"உள்ளதான்."

அக்கா கடலை மெல்லுவதை நிறுத்தினார்.

மேலாளர் கெஞ்சினார். "இத அறிக்கையில எழுதினா நன்கொடை நின்னுடும் மேடம். இருக்கறதும் போயிடும்."

"மூடச் சொல்லியா எழுதப்போறேன்? நேரத்தோட தொறந்து, இவங்க புள்ளைங்களுக்கு மொதல்ல எடம் குடுக்கச் சொல்றேன். யாருக்குன்னு ஆரம்பிச்சீங்களோ அவங்களுக்கே எடமில்லாதப்ப, நல்லா நடக்குதுன்னு என் கையால எழுத மாட்டேன். இங்க புள்ளைங்களப் பாத்துக்கற ஆயாம்மாகிட்ட பேசியாச்சு. இதே மாடியிலதான குடியிருக்காங்க, விடியறதுக்குள்ள வர்றேன்னுட்டாங்க."

முடிவைச் சொல்லும் கூட்டத்தை ஏசி அறையில் வைக்க அவர் ஒப்பவில்லை. விடியுமுன், காப்பக வாசலில் என்றார். நன்கொடையாளர் கொட்டாவியோடு வந்து இறங்கினார். வேலைக்குப் போகிற வழியில் தாய்மார்கள் நின்றிருந்தார்கள். துணி பிழிந்த பெண்ணின் தோளில் அவள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஆயாம்மா இடுப்பில் சேலையைச் செருகித் தயாராக நின்றார். கதவில் பூட்டு தொங்கியது.

"அறிக்கை எங்கம்மா?" என்றார் நன்கொடையாளர்.

அக்கா பையைத் திறக்கவில்லை. மேலாளர் பக்கம் திரும்பி, சாவிக்காக உள்ளங்கையை நீட்டினார்.